ஒரு நாள் நடைக்கு 23 கிராம்: எடை இறங்க ஏன் இவ்வளவு நாளாகிறது?

வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலை ஐந்தரை மணிக்கு நடக்கிறவர்களிடம் மூன்றாவது வாரம் ஒரு பேச்சு தவறாமல் வரும். "தெனமும் நடக்குறேன்ணே, ஒரு கிலோகூட எறங்க மாட்டேங்குது." கூட நடக்கிறவர் ஆறுதலுக்கு, "கொழுப்பு போயி தசை ஏறுதுப்பா, அதான்" என்பார். இன்னொருவர், "உன் உடம்பு வாகு அப்படி" என்று முடித்துவிடுவார். நான்காவது வாரம் அந்த முதல் ஆளைக் காணோம்.

பொறுமையாக இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை வாரம், எதற்காக, அதுவரை உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கணக்குச் சொல்வதில்லை. கணக்குத் தெரியாமல் காத்திருப்பது யாருக்கும் கஷ்டம். பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் அரை மணி நேரம்கூட நிற்போம்; தெரியாவிட்டால் பத்து நிமிடத்தில் ஆட்டோவைக் கூப்பிடுவோம். அந்த நேர அட்டவணைதான் இந்தக் கட்டுரை. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பூக்கடைத் தராசு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகையை எடை போட்டுத்தான் விற்கிறார்கள். தண்ணீர் தெளித்த பூவுக்கும் தெளிக்காத பூவுக்கும் எடை வேறு என்பது அங்கே வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். ஈரப்பூ ஒரு கிலோ வாங்கி வந்து, வீட்டில் துணியில் விரித்துவிட்டுத் தொடுக்க உட்காரும்போது நிறுத்தால் கிலோ இருக்காது. பூ ஒன்றுகூடக் குறையவில்லை, தண்ணீர் போயிருக்கிறது. தராசு பொய் சொல்லவில்லை. தட்டில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னது.

வீட்டில் இருக்கும் எடை மெஷினும் அந்தத் தராசுதான். ஏறி நின்றால் எலும்பு, தசை, கொழுப்பு, ரத்தம், நேற்று ராத்திரி சாப்பிட்ட தோசை, இன்னும் வெளியேறாத மலம், சிறுநீர் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வரும். உடல் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். 70 கிலோ உள்ளவரின் உடம்பில் ஏறக்குறைய 35 முதல் 40 கிலோ தண்ணீர் இருக்கிறது. நாம் குறைக்க நினைப்பது கொழுப்பை. மெஷினுக்கு அதைத் தனியாகப் பார்க்கத் தெரியாது.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவை பாதத்தின் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, அது எவ்வளவு சுலபமாகப் போய் வருகிறது என்பதை வைத்துக் கொழுப்பை ஊகிக்கின்றன. உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அந்த ஊகமும் ஆடும். காசைக் கொட்டி வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

தண்ணீர் ஏறி இறங்கும் இடங்கள்

முதலில் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் ரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிற அளவு அது. உடம்பு அந்த விகிதத்தை விட்டுக்கொடுக்காது. ஒரு ராத்திரி புரோட்டாவும் சால்னாவும் ஆம்லெட்டும் சாப்பிட்டு, வழக்கத்தைவிட 3 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால், அதைச் சமன் செய்ய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் தண்ணீரை உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் காலை மெஷினில் 300 கிராம் கூடியிருக்கும். சிறுநீரகம் ஓரிரு நாளில் அந்த உப்பை வெளியே தள்ளியதும் தண்ணீரும் கூடவே போய்விடும்.

இரண்டாவது கிளைகோஜன். சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு உடனே செலவழிக்காமல் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கும்; அந்தச் சேமிப்பின் பெயர்தான் கிளைகோஜன். நல்ல உடம்பில் தசைகளில் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் தண்ணீரைச் சேர்த்துக்கொள்கிறது. ஆக முழுச் சேமிப்பும் சேர்ந்து 2 கிலோ. சோறு, இட்லி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தும் டயட்டில் முதல் வாரமே ஒன்றரை கிலோ இறங்குவது இதனால்தான். பொங்கலன்று வயிறாரச் சாப்பிட்டால் இரண்டே நாளில் அது திரும்பி வரும். இறங்கும்போது கொழுப்பு போகவில்லை. ஏறும்போது கொழுப்பு வரவும் இல்லை.

மூன்றாவதுதான் புதிதாகப் பயிற்சி தொடங்கியவர்களை ஏமாற்றுவது. பழகாத வேலையைச் செய்த தசையில் நுண்ணிய சேதம் ஏற்படும். அதைச் சரிசெய்ய அங்கே நீர் கோத்துக்கொள்ளும். அழகர்மலைப் படியில் முதன்முறை ஏறி இறங்கிய மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறதே, அந்த வலி ஒன்று முதல் மூன்று நாள்வரை உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் எடை கூடித்தான் காட்டும். இதோடு, தொடர்ந்து நடக்கத் தொடங்கியதும் ரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே 200, 300 மில்லி கூடும். வேலை செய்யும் தசைக்கும் வியர்க்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. நல்ல மாற்றம்தான். ஆனால் மெஷினில் எடையாகத்தான் தெரியும். பயிற்சி பெற்ற தசை கிளைகோஜனையும் முன்பைவிடக் கூடுதலாகச் சேர்த்து வைக்கும். அதற்கும் தண்ணீர் உண்டு.

பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து, ஒரு கிலோவோ அதற்கு மேலோ ஏறுவது சாதாரணம். போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டு மனம் நொந்துபோகும் பெண்கள் நிறைய. போன மாதம் மாதவிடாய் முடிந்து ஐந்தாம் நாள் என்ன எடை, இந்த மாதம் ஐந்தாம் நாள் என்ன எடை என்று பார்ப்பதே நியாயமான ஒப்பீடு.

மலச்சிக்கல் இருந்தால் அதுவும் ஒரு அரைக் கிலோ சொல்லும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உடம்பின் தண்ணீர் ஓரிரு நாளுக்குள் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறி இறங்கும். பயிற்சி தொடங்கிய முதல் மூன்று வாரத்தில் அது பெரும்பாலும் ஏறும் பக்கமே சாயும்.

கொழுப்பு எந்த வேகத்தில் போகிறது

இனிக் கொழுப்பின் பக்கம் வருவோம். உணவில் இருக்கும் ஆற்றலையும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலையும் அளக்கும் அலகு கலோரி. உடம்பில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம். செலவு வரவைவிடக் கூடினால் அந்த வித்தியாசத்தைக் கொழுப்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். இந்த வித்தியாசத்துக்குப் பெயர் ஆற்றல் பற்றாக்குறை. எடை குறைப்பு என்பதன் அடிப்படை முழுவதும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளம் ஏறக்குறைய 305 மீட்டர் நீளம், 290 மீட்டர் அகலம். ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர், கரையை ஒட்டிய சாலையில் நடந்தால் இன்னும் சற்றுக் கூடும். நான்கு சுற்று நடந்தால் 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 70 கிலோ எடை உள்ளவர் அதை ஒரு மணி நேரத்தில் நடந்தால் கைக்கடிகாரமோ செல்போன் செயலியோ 250 கலோரி, சில சமயம் 300 என்று காட்டும். அதில் ஒரு பகுதி, அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். மூச்சுவிடவும் இதயம் துடிக்கவும் உடல் சூட்டைக் காக்கவும் ஆகும் செலவு அது, மணிக்கு 70 கலோரி அளவு. அதைக் கழித்தால் நடையால் வந்த கூடுதல் செலவு ஏறக்குறைய 175 கலோரி.

175ஐ 7,700ஆல் வகுத்துப் பாருங்கள். 23 கிராம்.

ஒரு இட்லியில் பாதி எடைதான் இருக்கும். வீட்டு மெஷின்களில் பல 100 கிராம் வித்தியாசத்தைத்தான் காட்டும். நேற்றைய நடை அந்தக் கடைசி எண்ணைக்கூட நகர்த்தாது. வாரம் ஆறு நாள் நடந்தால் 136 கிராம். மூன்று வாரத்தில் 400 கிராம். நடந்து முடித்து வந்து குடிக்கும் இரண்டு டம்ளர் தண்ணீரின் எடை.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று வாரத்தில் கொழுப்பு 400 கிராம் இறங்கியிருக்கிறது. அதே நேரம் தண்ணீர் ஒரு கிலோவுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. மெஷினில் ஒன்றும் தெரியாததில் ஆச்சரியம் என்ன? மாசி வீதியில் தேர் வரும் நாளில் பக்கத்தில் இருப்பவர் காதில் ரகசியம் பேசுவதைப் போன்றது. பேச்சு இருக்கிறது. சத்தம் அடங்காமல் கேட்காது.

"நடந்தால் மாதம் ஐந்து கிலோ" என்று விளம்பரம் பார்த்தால் இந்த 23 கிராமை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோவுக்கு 38,500 கலோரி. மேலே சொன்ன வேகத்தில் அது 220 நாள் நடை.

தசை ஏறுகிறது என்ற ஆறுதல்

தெப்பக்குளத்தில் சொல்லப்படும் இந்த ஆறுதலில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே அளவு இடத்தில் தசை கொழுப்பைவிட எடை கூடியதுதான்: ஒரு லிட்டர் கொழுப்பு 900 கிராம், ஒரு லிட்டர் தசை 1,060 கிராம். ஆனால் நடைப்பயிற்சியில் கிலோக் கணக்கில் தசை சேராது. எடை தூக்கிப் பயிற்சி செய்கிற இளைஞருக்கே நல்ல தசை சேர மாதங்கள் ஆகும். இரண்டே வாரத்தில் மெஷின் 700 கிராம் கூடுதலாகக் காட்டினால் அது தசை இல்லை, தசையில் கோத்த நீர். இதைச் சரியாகச் சொல்வது முக்கியம். தசைதான் ஏறுகிறது என்று நம்புகிறவர் மூன்று மாதம் கழித்தும் அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு சாப்பாட்டைத் திருத்தாமல் விட்டுவிடுவார்.

வியர்வையும் மூச்சும்

கரைந்த கொழுப்பு எந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் வியர்வை என்பார்கள். அதனால்தான் சித்திரை வெயிலிலும் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ரேஸ்கோர்ஸில் ஓடுகிறவர்களைப் பார்க்க முடிகிறது.

கொழுப்பு உடம்பில் எரியும்போது கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாறுகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால் 8.4 கிலோ மூச்சுக்காற்றில் கரியமில வாயுவாகப் போகும், 1.6 கிலோ தண்ணீராகும். கொழுப்பு போகும் முக்கிய வாசல் மூக்கு. அதற்காக வேகவேகமாக மூச்சு விட்டால் குறையாது. தசை வேலை செய்து கொழுப்பை எரித்தால்தான் அந்த வாயு உருவாகும்.

வியர்வை உடலைக் குளிர்விக்க வருவது. மதுரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டர் வியர்வை போகலாம், மெஷின் ஒரு கிலோ குறைத்துக் காட்டும், தண்ணீர் குடித்ததும் திரும்பி வரும். ரெயின்கோட்டுக்குள் வியர்வை ஆவியாகாது. உடல் குளிராமல் சூடு ஏறி மயக்கம் வரும், வெப்பத்தாக்கு உயிரையே பறிக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோடையில் காலை ஏழுக்குள் நடையை முடித்துவிடுவது நல்லது.

வயிற்றில் கட்டிக்கொள்ளும் அதிரும் பெல்ட்டும், தொப்பைக்கு மட்டும் செய்யும் பயிற்சியும் இதே வகை. எந்த இடத்துக் கொழுப்பை முதலில் எடுப்பது என்று உடம்புதான் முடிவு செய்கிறது. எந்தத் தசை அசைகிறது என்பதை வைத்து இல்லை.

நடந்ததைத் திரும்ப வாங்குவது

175 கலோரியை நடந்து சேர்க்க ஒரு மணி நேரம் ஆகிறது. திரும்ப வாங்கப் பத்து நிமிடம் போதும். எண்ணெய் எதுவானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. செக்கு நல்லெண்ணெயும் ரீஃபைண்ட் எண்ணெயும் இதில் ஒன்றுதான். சர்க்கரை ஒரு கிராமுக்கு 4 கலோரி. இரண்டு டீஸ்பூன் போட்ட ஒரு காபியில் சர்க்கரை மட்டுமே 40. நாளுக்கு மூன்று முறை என்றால் 120. வெல்லமும் கருப்பட்டியும் போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. எண்ணெய் தாராளமாக விட்ட ஒரு புரோட்டா அன்றைய நடையை விழுங்கிவிடும். பால், சர்பத், ஐஸ்கிரீம் எல்லாம் சேரும் ஜிகர்தண்டா ஒரு டம்ளரும் அப்படியே. இவற்றைச் சாப்பிடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மதுரையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வதும் நடக்காத காரியம். வாரத்தில் எத்தனை முறை என்பதைத் தெரிந்து சாப்பிட வேண்டும்.

இன்னொரு கசிவும் உண்டு. காலையில் நடந்துவிட்டோம் என்ற நினைப்பில் மற்ற நேரம் அசைவு குறைந்துபோகும். மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், பக்கத்துத் தெருக் கடைக்கும் ஸ்கூட்டர், மதியம் கூடுதலாக ஒரு தூக்கம். பசியும் சற்றுக் கூடும். இவை சேர்ந்து நடையின் லாபத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

அதனால்தான் பயிற்சி மட்டும் செய்கிறவரைவிட, பயிற்சியோடு சாப்பாட்டிலும் கை வைக்கிறவருக்குச் சீக்கிரம் பலன் தெரிகிறது. நாளுக்கு 300 கலோரி உணவில் குறைத்தால், அதாவது காபிச் சர்க்கரை முழுவதும், குழம்பு பொரியலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு கரண்டிச் சோறு, வாரப் பற்றாக்குறை 2,100. நடையின் 1,050ஐயும் சேர்த்தால் 3,150. வாரத்துக்கு 400 கிராம். நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். என்றாலும் தண்ணீரின் சத்தத்தைத் தாண்டிக் கொழுப்பின் பேச்சு மூன்றாவது, நான்காவது வாரத்தில் கேட்கத் தொடங்கும்.

பட்டினி கிடந்து இதை வேகப்படுத்த நினைத்தால் தசையும் சேர்ந்து கரையும். மிக வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். வாரம் அரைக் கிலோ என்பது பெரும்பாலானோருக்குத் தாங்கக்கூடிய வேகம். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர் என்று புரதத்தைக் குறைக்காமல், வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் (நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் தண்டால், படி ஏறுவது) செய்தால் தசை பெரும்பாலும் தங்கும்.

சுருக்கமாக: நடை மட்டும் என்றால் இரண்டு மாதமாவது ஆகும் மெஷினில் தெளிவாகத் தெரிய. சாப்பாடும் திருந்தினால் ஒரு மாதம்.

எடையை எப்படிப் பார்ப்பது

காலையில் எழுந்து, கழிவறை போய் வந்து, காபிக்கு முன், ஒரே மாதிரி மெல்லிய உடையில் ஏறுங்கள். மெஷினைப் பாயின் மேலோ மிதியடியின் மேலோ வைத்தால் தவறாகக் காட்டும். சமமான சிமெண்டு அல்லது டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் வையுங்கள். எங்கே வைக்கிறோம் என்று சாக்பீஸில் கோடு போட்டுவைத்தால் நல்லது. பேட்டரி தீர்ந்தாலும் எண் தாறுமாறாகும். சந்தேகம் வந்தால், நாள்பட்டும் எடை மாறாத ஒரு பொருளை, திறக்காத 5 கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி, பிறகு பையில்லாமல் ஏறி, வித்தியாசம் 5 வருகிறதா என்று பாருங்கள்.

ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுங்கள். வாரச் சராசரி என்ற இந்த ஒரு எண்ணைத்தான் நம்ப வேண்டும். ஒரு எடுத்துக்காட்டு:

முதல் வாரம்: 70.4, 70.9, 70.2, 71.1, 70.6, 70.0, 70.5. சராசரி 70.5.

நான்காம் வாரம்: 70.1, 69.6, 70.7, 70.0, 69.5, 70.3, 69.9. சராசரி 70.0.

மூன்று வாரத்தில் அரைக் கிலோ இறங்கியிருக்கிறது. ஆனால் முதல் நாள் 70.4 பார்த்துவிட்டு, நான்காம் வாரம் புதன்கிழமை ஒருநாள் மட்டும் ஏறி 70.7 பார்த்தவர், நடந்ததில் 300 கிராம் கூடிவிட்டது என்று நிறுத்திவிடுவார். முதல் வாரத்தின் 71.1ஐயும் நான்காம் வாரத்தின் 69.5ஐயும் பார்த்தவர் 1.6 கிலோ குறைந்ததாக ஊருக்கெல்லாம் சொல்வார். இருவரும் ஒரே உடம்பைத்தான் பார்த்தார்கள். தினமும் ஏறினால் மனம் பதறும் என்பவர்கள் வாரம் மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுக்கலாம். வாரம் ஒரே ஒரு நாள் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. அன்றைக்கு முந்தின நாள் கல்யாண விருந்து சாப்பிட்டிருந்தால் அந்த வாரமே வீண் என்று தோன்றிவிடும்.

வைகை மணல்

ஆண்டிபட்டி அருகே வைகை அணையில், சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காகத் தண்ணீர் திறப்பார்கள். நாள் பார்த்து முன்கூட்டியே திறக்க வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் மணல் முதலில் குடிக்கும். அது நனைந்த பிறகுதான் மேலே ஓடும். மணல் குடித்தது வீண் என்று கரையோரத்துக்காரர் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கிணற்றில் ஊறுவது அந்தத் தண்ணீர்தான்.

பயிற்சியின் முதல் பலன்களும் அப்படி மணலுக்குள் போகின்றன. ஒரு நாள் நடந்தாலே தசை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் திறன் கூடி, அந்த மாற்றம் ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரை நீடிக்கிறது. அதனால்தான் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்கிறார்கள். சில வாரங்களில் ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு குறையும். ரத்த அழுத்தம் சற்று இறங்கும். வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிந்த உள்கொழுப்பு, எடை மாறாதபோதும் பயிற்சியால் குறைகிறது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைவிட இந்த உள்கொழுப்புதான் அதிகம் காரணமாகிறது. ஆகவே முதலில் போக வேண்டியது முதலில் போகிறது என்று சொல்லலாம்.

இதை அளக்கத் தையற்கடை இஞ்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல், டேப் தோலை அழுத்தாமல் சுற்றி அளக்க வேண்டும். வேட்டியோ பாவாடையோ கட்டும் இடம் அளவுகோல் ஆகாது. தொப்பை இறங்க இறங்க அந்த இடமும் மாறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். நம் நாட்டவருக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது தாண்டக்கூடாத கோடு.

நாடியை எழுந்த உடனே, படுக்கையிலேயே ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். தெப்பக்குளம் நான்கு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்பதையும் எழுதிவையுங்கள். 68 நிமிடம் ஆனது ஆறு வாரத்தில் 60 நிமிடம் ஆனால், எடை மெஷின் சொல்லாத செய்தியை அது சொல்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை மூன்று மாதம் கழித்து எடுத்து முந்தையதோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவது வாரமே எடுத்தால் அதுவும் பழைய கதையைத்தான் சொல்லும்.

நடையின் வேகம் பற்றி ஒரு வார்த்தை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு இப்படி வாரம் 150 முதல் 300 நிமிடம் வேண்டும். பாட்டுக் கேட்டு முணுமுணுத்தபடி நடக்க முடிகிறதென்றால் வேகம் போதவில்லை.

காத்திருக்கக் கூடாத இடங்கள்

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் வாரச் சராசரியும் இறங்கவில்லை, இடுப்பளவும் இறங்கவில்லை என்றால், பற்றாக்குறை உண்மையில் உருவாகவில்லை என்று பொருள். மூன்று நாள் வாயில் போடுவது எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். காபி, முறுக்கு, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தது, குழம்பில் விட்ட எண்ணெய் எல்லாம். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்கள் சினைப்பை நீர்க்கட்டி குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், மனநலத்துக்கான சில மருந்துகள் எடையை ஏற்றும். அவற்றைத் தானாக நிறுத்துவது ஆபத்து. மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

நன்றாக இறங்கிக்கொண்டிருந்த எடை ஐந்தாறு கிலோவுக்குப் பிறகு நின்றால் அது நோய் இல்லை. 70 கிலோவைச் சுமந்து நடந்தவர் இப்போது 64 கிலோவைச் சுமக்கிறார். அதே நான்கு சுற்றுக்கு 175க்குப் பதில் 160தான் செலவாகும். சும்மா இருக்கும்போது ஆகும் செலவும் சற்றுக் குறைந்திருக்கும். ஒரு சுற்றைக் கூட்டுவதோ, ஒரு கரண்டியைக் குறைப்பதோதான் வழி.

இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, படுத்தால் மூச்சு வாங்கினால், அது இந்தக் கட்டுரையில் சொன்ன சாதாரண நீர்க்கோப்பு இல்லை. இதயமோ சிறுநீரகமோ தடுமாறுகிறது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடை, இடது கைக்குப் பரவும் வலியோ வந்தாலும் அப்படியே. எந்த முயற்சியும் இல்லாமல் எடை வேகமாக இறங்கி, தாகமும் சிறுநீரும் கூடினால் மகிழ வேண்டாம், சர்க்கரையைப் பாருங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நடை நடக்கக் கூடாது. நடக்கத் தொடங்குமுன் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ நாலைந்து சர்க்கரை மிட்டாயோ இருக்கட்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி வந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை சாப்பிட்டுக் கூட இருப்பவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சாலையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.